அழுத்திப் பிடித்தால் பொருள் வரும் என்று வாசகருக்கு யார் சொல்வது?

உங்கள் கேள்வி இது: தமிழ் நூல்களை வாசிப்பதற்கு ஒரு மொபைல் செயலி செய்திருக்கிறீர்கள். எந்தச் சொல்லையும் விரலால் அழுத்திப் பிடித்தால் அதன் அகராதிப் பொருள் திரையின் அடியிலிருந்து எழும்பி வரும். செயலியிலேயே அதிகம் உழைத்தது அந்த வசதிக்குத்தான். ஆனால் மிகச் சிலரே அதைத் தொடுகிறார்கள். முதன்முறை திறப்பவர்களுக்கு நான்கு பக்க அறிமுகம் காட்டிப் பார்த்தீர்கள். ‘புதிய வசதி’ என்று அறிவிப்பு அனுப்பிப் பார்த்தீர்கள். ஒன்றும் நகரவில்லை. இன்னும் எடுப்பாக இதை எப்படி விளம்பரப்படுத்துவது?

விளம்பரத்தை விட்டுவிடுங்கள். சொல்லின் மேலேயே ஓர் அடையாளம் வையுங்கள். அழுத்திப் பிடிப்பதைக் குறுக்குவழியாக இறக்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் வழி ஒன்றைத் திறந்துவிடுங்கள். அதற்கும் முன்னால், முதல் முறை தொட்டவருக்குச் சரியான பொருள் கிடைக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சிக்கலில் பாதி அந்தக் கடைசி இடத்தில்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

சில ஆண்டுகளுக்கு முன் கடைக்காரர்களுக்கான கடன் கணக்குச் செயலி ஒன்றில் வேலை பார்த்தேன். வாடிக்கையாளர் பட்டியலில் ஒரு பெயரை இடப்பக்கம் இழுத்தால், பாக்கித் தொகையோடு நினைவூட்டுச் செய்தி அவருக்குப் போய்விடும். எங்களுக்கு அதில் அவ்வளவு பெருமை. விருதுநகரில் ஒரு மளிகைக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை உரிமையாளர் ஒவ்வொரு பெயராகத் திறந்தார். பாக்கியை ஒரு பழைய பில்லின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். செயலியை மூடினார். வாட்ஸ்அப்பைத் திறந்து, அதே பெயரைத் தேடி எடுத்து, ‘அண்ணாச்சி, பாக்கி 1,240 ரூபாய்’ என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். ஏழெட்டுப் பேருக்கு இப்படியே. பொறுக்கமாட்டாமல் நான் ஒரு பெயரை இழுத்துக் காட்டினேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது உள்ளே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தம்பி தெரியும்? ஒவ்வொரு பெயருக்கு அடியிலும் கையை விட்டுத் துழாவவா முடியும்?” என்றார்.

அலுவலகம் திரும்பியதும் முதலில் அழகான வழியைத்தான் முயன்றோம். பட்டியலைத் திறந்தவுடன் முதல் பெயர் தானாகக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, அடியில் இருக்கும் பச்சை நிறத்தைக் காட்டிவிட்டு மறுபடி இடத்துக்கு வந்துவிடும். சிலர் கவனித்தார்கள். பலர் ‘செயலி ஆடுகிறது’ என்று புகார் எழுதினார்கள். பிறகு பாக்கி நாள் கடந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ‘நினைவூட்டு’ என்று ஒரு சிறு பொத்தான் வைத்தோம். எங்கள் டிசைனருக்கு அது பிடிக்கவே இல்லை. பட்டியலின் அழகு கெட்டது என்று வருத்தப்பட்டார். ஆனால் வேலை நடந்தது. இழுக்கும் வழியையும் நாங்கள் எடுத்துவிடவில்லை. பொத்தானில் கை பழகியவர்களில் அவசரக்காரர்கள் பின்னாளில் அதற்கு மாறிக்கொண்டார்கள்.

குடத்திலிட்ட விளக்கு என்பார்களே, அதுதான். குடத்துக்கு வெளியே நின்று ‘உள்ளே விளக்கு இருக்கிறது’ என்று கூவிக்கொண்டிருந்தோம், குடத்தில் ஓர் ஓட்டை போட்டிருக்கலாம்.

மறைந்த சைகைகள் எல்லாமே தோற்பதில்லை. ஒன்று வென்றதையும் ஒன்று தோற்றதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு வழி தெரியும். பட்டியலின் உச்சியில் விரலை வைத்துக் கீழே இழுத்தால் புதுப்பித்துக்கொள்ளும் வசதி இன்று எண்ணற்ற செயலிகளில் இருக்கிறது. லோரன் பிரிக்டர் என்பவர் 2009-இல், ட்விட்டர் பதிவுகளை வாசிப்பதற்கான தன் ட்வீட்டி செயலியில் அதைப் பரப்பினார். திரையில் அதற்கு எந்தப் பொத்தானும் கிடையாது. இருந்தும் உலகமே கற்றுக்கொண்டது. காரணம், அந்தச் சைகை கை ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த பாதையிலேயே இருந்தது. புதிய செய்தி வந்திருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் மேலே போகிறார்கள். உச்சிக்கு வந்த பிறகும் பழக்கத்தில் ஒரு முறை இழுக்கிறார்கள். இழுத்த கணத்தில் ஓர் அம்புக்குறியும், இழுத்துவிட்டால் புதுப்பிக்கும் என்ற வரியும் வெளியே தலை நீட்டின. தெரியாமல் பட்ட கைக்குத் திரை உடனே பதில் சொன்னது.

தோற்றது ஆப்பிளின் 3டி டச். 2015-இல் ஐபோன் 6எஸ்-இல் வந்தது. கண்ணாடியை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதைத் திரையே அளந்து, ஒரு செயலியின் ஐகானை அழுத்தினால் குறுக்குவழிகளைக் காட்டும். பொறியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஐகானை அழுத்தினால் ஏதாவது வரும், எதை அழுத்தினால் வராது என்பதற்குத் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. நான்கைந்து இடங்களில் அழுத்தி ஒன்றும் வராமல் போனால் அடுத்த இடத்தில் யார் அழுத்துவார்கள்? 2018-இன் ஐபோன் எக்ஸ்ஆரில் அது இல்லை. 2019-இன் ஐபோன் 11 வரிசையில் முழுதாகவே போய்விட்டது. இடத்தைப் பிடித்துக்கொண்டது சாதாரணமாக அழுத்திப் பிடிக்கும் முறை. 3டி டச்சை நீக்கியதற்குச் செலவு உட்பட வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனாலும் அத்தனை பெரிய நிறுவனம், அத்தனை விளம்பரத்தோடு, நான்கு ஆண்டுகளில் பதிய வைக்க முடியாத ஒன்றை நீங்களும் நானும் ஓர் அறிவிப்பில் பதிய வைத்துவிடுவோம் என்று நம்பக்கூடாது.

உங்கள் வசதி இப்போது இரண்டாவது ரகத்தில் இருக்கிறது. அதை முதல் ரகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அப்படியானால், பொருள் தெரியாத சொல் வந்தால் வாசகரின் கை எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.

பெரும்பாலும் எங்கும் போவதில்லை. முன்பின் பார்த்து ஊகித்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான், தீக்கொள்ளியைக் குறிக்கும் ‘ஞெகிழி’யைப் பல நாள் ஏதோ ஒரு பூ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடக்க மனமில்லாத சிலர் சொல்லைத் தேர்ந்து, நகலெடுத்து, செயலியை விட்டு வெளியே போய்த் தேடுகிறார்கள். இவர்கள்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர்கள். ஒரே ஒரு சொல்லை மட்டும் தேர்ந்து நகலெடுப்பவர் மேற்கோள் காட்டப் போவதில்லை. அவருக்குப் பொருள் வேண்டும். சொல்லைத் தேர்ந்தவுடன் மிதந்து வரும் சிறு பட்டியலில் ‘நகலெடு’, ‘பகிர்’ எல்லாவற்றுக்கும் முன்னால் ‘பொருள்’ என்று வையுங்கள். முன்னால் என்பது முக்கியம். சிறிய போன்களில் அந்தப் பட்டியல் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் கொள்ளாது. மிச்சமெல்லாம் மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவரக் கிளம்பிய நாமே அதை மறுபடி ஒளித்து வைத்ததாகிவிடும்.

இன்னொரு மோதலும் இங்கே இருக்கிறது. போனில் எழுத்தை அழுத்திப் பிடித்தால் அது தேர்வாகும் என்பது மற்றச் செயலிகள் எல்லாம் சேர்ந்து வாசகருக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம். உங்கள் செயலியில் மட்டும் அழுத்திப் பிடித்தால் தேர்வாகாமல் அகராதி எழும்பி வந்தால், ஒரு வரியைப் பகிர நினைத்தவருக்கு அது இடைஞ்சல். ஆகவே இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள்: சொல்லும் தேர்வாகட்டும், கீழே பொருளும் ஒரே ஒரு வரியில் எட்டிப் பார்க்கட்டும். வேண்டியவர் அதை மேலே இழுத்து முழுதாகப் படிப்பார். வேண்டாதவர் தேர்வை நீட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பார்.

கடந்து போகும் பெரும்பான்மையினருக்கு, வாசிக்கும் பக்கத்தின் மேலேயே அடையாளம் வேண்டும். அரிய சொற்களுக்கு அடியில் மெல்லிய புள்ளிக்கோடு ஒன்று போடுங்கள். கோடிட்ட சொல்லை ஒரு முறை தட்டினாலே பொருள் வரட்டும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கிண்டிலில் வேர்ட் வைஸ் என்று ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கடினமான ஆங்கிலச் சொல்லுக்கு மேல் அதன் எளிய பொருளைச் சிறிய எழுத்தில் தானாகவே காட்டும். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கோடு போதும். ஆனால் அளவோடு. சங்கப் பாடல் ஒன்றைத் திறந்து அரிய சொல்லுக்கெல்லாம் கோடு போட்டால் பக்கம் முழுக்க எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ஒரு திரைக்கு இரண்டு அல்லது மூன்று சொல், அதுவும் நூலில் முதல் முறை வரும்போது மட்டும். நாலைந்து முறை பொருள் பார்த்துப் பழகியவருக்குக் கோடு தானாகக் குறையட்டும். வாசிக்கும் பக்கத்தில் யார் எதைக் கிறுக்கினாலும் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ‘கோடுகளை மறை’ என்பதை அமைப்புகளின் ஆழத்தில் புதைக்காமல் பொருள் காட்டும் அட்டையிலேயே வைத்துவிடுங்கள்.

இப்போது அழுத்திப் பிடிக்கும் சைகையை எங்கே கற்றுக்கொடுப்பது? அந்த அட்டையின் அடியில்தான். கோடிட்ட சொல்லைத் தட்டிப் பொருள் பார்த்து ‘அட’ என்று இருப்பவரிடம், ‘கோடில்லாத சொல்லையும் அழுத்திப் பிடித்துப் பொருள் பார்க்கலாம்’ என்று ஒரே வரி. பயன் கையில் கிடைத்த கணத்தில் சொன்னது நிற்கும். நூலைத் திறக்குமுன்பே நான்கு பக்கத்தில் சொன்னது ஏட்டுச் சுரைக்காய். பஸ் ஏறப் போகிறவரை நிறுத்தி, இந்த ஊரின் எல்லாத் தடங்களையும் ஒப்பித்துவிட்டு ஏறச் சொல்வதுபோல.

தப்பாகத் தொட்டவருக்கும் பாடம் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் ஒலிவாங்கிப் பொத்தானைச் சட்டென்று தட்டி விரலை எடுத்துவிட்டால், ஒன்றும் நடக்காமல் சும்மா இருக்காது. அழுத்திப் பிடித்துப் பேசு, விட்டால் செய்தி அனுப்பப்படும் என்று பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு குறிப்பு தோன்றும். இதைவிடச் சிக்கனமான ஆசிரியர் இல்லை. தவறியவரிடம் மட்டும், தவறிய இடத்தில், தவறிய நொடியில் பேசுகிறது. உங்கள் செயலியில் ஒரே சொல்லை இரண்டு மூன்று முறை தட்டுபவர், பெரிதாக்கிப் பார்க்க முயல்பவர், தேர்ந்துவிட்டு உடனே விடுபவர் இவர்களெல்லாம் எதையோ தேடித் துழாவுகிறவர்கள். குறிப்பை அவர்களுக்கு வைத்திருங்கள்.

குறிப்பு காட்டுவதற்கான நிரலை நீங்களே எழுதத் தேவையில்லை. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்-இல், 17-ஆம் பதிப்பிலிருந்து ஆப்பிள் டிப்கிட் என்ற கருவியைக் கொடுக்கிறது. எந்த நிகழ்வுக்குப் பின் காட்டுவது, எவ்வளவு இடைவெளியில், பயன்படுத்தியபின் எப்படி நிரந்தரமாக நிறுத்துவது எல்லாவற்றையும் விதியாக எழுதலாம். ஆண்ட்ராய்டில் கொஞ்சம் கை வேலை. எதிலானாலும் ஒரு நேரத்தில் ஒரு குறிப்புக்கு மேல் வேண்டாம். குறிப்பின் வாசகத்திலும் ‘புதிய வசதி!’ என்று தொடங்காதீர்கள். புதியது என்பது உங்களுக்குத்தான், நேற்று நிறுவியவருக்கு எல்லாமே புதியது. ‘பொருள் தெரியாத சொல்லை அழுத்திப் பிடியுங்கள்’ என்றால் முடிந்தது. அதைச் சிறிய திரையில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்து ஒரு முறை பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளந்து தைத்த பெட்டியில் தமிழ் அடங்காது. எங்கள் செயலியில் ஒரு குறிப்பு ‘பெயரை இடப்பக்கம் இழு…’ என்று மூன்று புள்ளியோடு நின்று, பல வாரம் யாரும் கவனிக்காமல் அப்படியே இருந்தது.

இனி, பாதிச் சிக்கல் என்று நான் சொன்ன இடம். உங்கள் செயலியை இறக்கி ஒரு சிறுகதையைத் திறந்தேன். ‘நூலைப் படித்துக்கொண்டிருந்தவர்களிடம்’ என்ற இடத்தில் முதல் சொல்லை அழுத்திப் பிடித்தேன். ‘பொருள் கிடைக்கவில்லை.’ உங்கள் நிரல் ‘நூலைப்’ என்பதை அந்த ப் ஒற்றோடு அப்படியே தூக்கிக்கொண்டு அகராதிக்குப் போயிருக்கிறது. அகராதியில் இருப்பது நூல். அடுத்த சொல்லுக்கும் அதே பதில். அகராதியில் இருப்பது படி. வந்து நிற்பதோ அதன் பேரன் பேத்திகளோடு ஒரு குடும்பம். இரண்டு முறை இப்படிக் கைவிடப்பட்ட வாசகர் மூன்றாவது முறை அழுத்தமாட்டார். 3டி டச்சுக்கு நேர்ந்தது இங்கேயும் நேரும். உங்கள் புள்ளிவிவரத்தில் அவர் ‘வசதியை அறியாதவர்’ என்று பதிவாகியிருப்பார். உண்மையில் அவர் அறிந்து கைவிட்டவர்.

மிக எளியதிலிருந்து தொடங்குங்கள். சொல்லின் இறுதியில் சந்தியால் ஒட்டிய க், ச், த், ப் ஆகிய நான்கையும் கழித்துவிட்டுத் தேடினாலே சில சொற்கள் சரியாகிவிடும். பிறகு வேற்றுமை உருபுகள்: மரத்தில், மரத்தை, மரத்துக்கு எல்லாம் மரத்துக்குப் போக வேண்டும், நான் சொல்வது ‘மரம்’ என்ற தலைச்சொல்லுக்கு. வினைகள் கடினம்; சொல்லை வேராகவும் ஒட்டுகளாகவும் பிரித்துக் காட்டும் நிரல், அதாவது உருபனியல் பகுப்பி ஒன்று வேண்டும். அது கிடைத்தாலும் வேலை முடியாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைத் திறந்து பாருங்கள்: படி-தல் வேறு, படி-த்தல் வேறு, மாடிக்கும் அரிசிக்கும் உரிய பெயர்ச்சொல் படி வேறு. ‘படித்துக்கொண்டிருந்தவர்’ என்பதை அழுத்தியவருக்கு முதலில் முகத்தல் அளவை வந்து நின்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். வினையின் வடிவமே எந்தப் படி என்று சொல்கிறது; அதைப் பயன்படுத்தி வரிசைப்படுத்துங்கள். கற்றூண் (கல் + தூண்), மக்கட்பேறு (மக்கள் + பேறு) போன்ற புணர்ச்சிகளை எல்லா நேரமும் பிரிக்க முடியாது. முடியாதபோது ‘இல்லை’ என்று கதவைச் சாத்தாமல், நெருங்கிய இரண்டு மூன்று தலைச்சொற்களைக் காட்டுங்கள். தோற்ற சொற்களை மட்டும், யார் தேடினார் என்பது இல்லாமல், சேகரித்துவையுங்கள். மாதம் ஒரு முறை அந்தப் பட்டியலை உட்கார்ந்து படிப்பது எந்த ஆய்வறிக்கையையும்விட உங்களுக்கு உதவும்.

வரி இறுதியில் உடைந்த சொற்களையும் சோதியுங்கள். குறுகிய திரையில் நீண்ட தமிழ்ச் சொல் இரண்டாக மடிந்து அடுத்த வரிக்குப் போகும். விரல் பட்ட பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு தேடும் பிழையை நான் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளில் பார்த்திருக்கிறேன்.

விரல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐஓஎஸ் தன் இயல்பான அமைப்பில் அரை நொடி தொட்டிருப்பதை அழுத்திப் பிடித்தலாக எடுத்துக்கொள்கிறது. அதற்குள் விரல் பத்துப் புள்ளிகளுக்கு (திரையில் தூரம் அளக்கும் சிறு அலகு அது) மேல் நகர்ந்துவிட்டால் அந்தத் தொடுதல் கணக்கில் வராது. வயதானவர்களின் விரல் அதைவிட அதிகம் நடுங்கும். அவர்கள் அழுத்துகிறார்கள், பக்கம் நகர்கிறது, அவ்வளவுதான். தமிழ் நூல் வாசிப்புச் செயலிக்கு வரும் கூட்டத்தில் பணி ஓய்வு பெற்றவர்கள் குறைவாக இருக்க வாய்ப்பில்லை. சைகையை மட்டுமே நம்பிய வசதி இவர்களுக்குப் பூட்டிய வீடு. திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் பயன்படுத்துபவர்களுக்கும் ‘பொருள்’ என்ற செயலைத் தனியாகப் பெயரிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

அளப்பதில் ஒரு திருத்தம். ‘மொத்தப் பயனர்களில் இத்தனை பேர்’ என்று எண்ணாதீர்கள். செயலியை நிறுவி ஒரு நூலும் திறக்காதவரும் அந்தக் கணக்கில் இருக்கிறார். ஒற்றைச் சொல்லைத் தேர்ந்தவர்கள், நகலெடுத்தவர்கள், கோடிட்ட சொல் வந்த பக்கத்தில் நின்றவர்கள் இவர்களில் எத்தனை பேர் பொருள் பார்த்தார்கள் என்று எண்ணுங்கள். அதைவிட, பார்த்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரமும் பார்த்தார்கள் என்பது முக்கியம். முதல் எண் குறைந்தால் அடையாளம் போதவில்லை. இரண்டாவது குறைந்தால் அகராதி ஏமாற்றுகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

எண்களுக்கு முன் ஐந்து பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். ‘அழுத்திப் பிடிக்கும் வசதி தெரிகிறதா?’ என்று கேட்டால் காரியம் கெட்டது. ஒரு பத்தியைக் கொடுத்து, ‘இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். டெவலப்பர்களுக்கு இதில்தான் உயிர் போகும். கை தானாக நீளும். அந்த மளிகைக் கடையில் என் கை நீண்டது. இன்னும் பத்து நிமிடம் சும்மா இருந்திருந்தால் வேறு என்னென்ன பார்த்திருப்பேனோ.

அந்த நான்கு பக்க அறிமுகத்தை நீக்கிவிடுங்கள். நீக்கும்போது மூன்றாம் பக்கத்தில் இருக்கும் எழுத்தளவுத் தேர்வை மட்டும் எடுத்து, முதல் நூலைத் திறக்கும் இடத்தில் வையுங்கள். அந்த நேரத்தில் வாசகருக்கு உண்மையிலேயே வேண்டியது அதுதான்.